தீவிலிருந்து வந்த ரத்தம்

உமைரா பதினாறு ஆண்டுகள் செம்பூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ரத்தத்தில் உள்ள உயிரணுக்களைக் குழாயில் வளர்த்து, அவை இரண்டாகப் பிளக்கப்போகும் நேரத்தில் நிறுத்தி, கண்ணாடி ஸ்லைடில் சொட்டு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவது அவள் வேலை. பெரும்பாலும் கர்ப்பிணிகளின் ரத்தம் வரும், அல்லது கரு தங்காத பெண்களின் ரத்தம். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருந்தாலோ, ஒன்றின் நுனி இன்னொன்றில் ஒட்டியிருந்தாலோ முதலில் பார்ப்பது அவள்தான். நாளை டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழப்போகிறவளின் பெயர் இன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெயரோடு ரயிலேறி வீட்டுக்குப் போவாள்.

பிறந்தது தாராவியில். வாப்பா அப்துல் வாஹித் மேலப்பாளையத்திலிருந்து வந்து பள்ளிக்கூடப் பை தைக்கும் கார்கானா வைத்திருந்தார். மூன்று பெண்களில் கல்லூரிவரை போனவள் உமைரா ஒருத்திதான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பேச்சு மட்டும் திருநெல்வேலியை விடவில்லை. அம்மாரைக் கல்யாணம் செய்துகொண்டு மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு வந்தாள். அம்மார் ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஏசி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். காலையில் அவன் ஐரோலி பஸ்ஸுக்கு நிற்பான், இவள் ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயிலேறுவாள். செம்பூர் நான்காவது ஸ்டேஷன்.

அந்த வாழ்க்கைக்குள் தீவு வந்து சேர்ந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. பசிபிக் கடலில் ஒரு சிறிய தீவு. அதன் பெயரை வெளியில் சொல்வதில்லை என்று உமைரா கையெழுத்துப் போட்டிருக்கிறாள், இன்றுவரை சொன்னதில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் ஒரு வல்லரசு அந்தப் பக்கத்துக் கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. காற்று திரும்பியதில் கதிர்வீச்சுத் தூள் தீவின்மேல் விழுந்தது. மழைநீர்த் தொட்டிகளில் விழுந்தது, காயப்போட்டிருந்த மீனின்மேல் விழுந்தது, பாய் முடைவதற்காக விரித்து வைத்திருந்த தாழை மடல்களின்மேல் விழுந்தது. சில வருடங்கள் கழித்து ஜனங்களை வேறொரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்தில் தைராய்டு கட்டி, நிற்காத கர்ப்பம், ரத்தப் புற்று என்று ஒவ்வொன்றாக வந்தது. எதற்கும் அந்தத் தூள்தான் காரணம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளந்து வைத்த கணக்கு ஏதும் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

ஆனால் உடம்பில் அந்தக் கணக்கு இருக்கிறது. கதிர்வீச்சு பட்டு உடைந்த குரோமோசோம்கள் சில சமயம் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தழும்பு ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் ரத்தத்தில் தெரியும். ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் இதை எண்ணிப் பார்க்க முன்வந்தது. எண்ணும் வேலை செம்பூருக்கு வந்தது. கூடத்தின் மேனேஜர் ஷ்ரவண், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பையன், அதை உமைராவின் கையில் கொடுத்தான். அவளைவிட நன்றாக எண்ணத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

தீவு ஜனங்களிடம் ரத்தம் எடுக்கும் பொறுப்பு லினோ என்கிற ஆண் நர்ஸுக்கு. ஐம்பது வயதுக்காரர், அந்த ஜனங்களில் ஒருவர். இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் அவருக்கு உமைரா சொல்லிக்கொடுத்தாள். எந்தக் குழாய், எவ்வளவு ரத்தம், எடுத்ததும் எட்டு முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக்கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, வெயில் படக்கூடாது. அணுக்கள் உயிரோடு வந்தால்தான் வளரும். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் இரண்டாம் மொழி என்பதால் நிதானமாகப் பேசினார்கள், நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பாடம் முடிந்தும் சில நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். லினோ தன் இரண்டு அக்காமாரைக் கழுத்துப் புற்றில் இழந்தவர் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ரத்தத்தைக் கொடுக்க அந்த ஜனங்கள் லேசில் சம்மதிக்கவில்லை. உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் அவரவர் குடும்பத்து மண்ணுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பிரசவத்து ரத்தமானாலும் காயத்து ரத்தமானாலும், துடைத்த துணியோடு புதைப்பார்கள். தீவை விட்டு வந்த பிறகும், படகு போகும்போது துணியைக் கொடுத்தனுப்பிப் பழைய மண்ணில் புதைக்கச் செய்தார்கள். அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: எண்ணி முடித்ததும் மீதி ரத்தம் திரும்பி வர வேண்டும். ஒப்பந்தத்தில் பதினான்காவது பிரிவாக அது ஏறியது. ஷ்ரவண் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். உமைராவுக்கு அதில் விநோதம் ஒன்றும் தெரியவில்லை. வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் மண்ணில் புதைக்கச் சொல்லித்தான் அவளை உம்மா வளர்த்திருந்தாள்.

ஒவ்வொருவரும் நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதன் நகல்கள் முன்கூட்டியே அவளுக்கு வந்தன. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நோய்களைப் பற்றி இருபது கேள்விகள். தீவை விட்ட பிறகு கைவிட்ட உணவு எது, நின்றுபோன வழக்கம் எது என்று பத்துக் கேள்விகள். அந்தப் பத்தும் அவள் வேலைக்குத் தேவையில்லாதவை. ஆனாலும் படித்தாள். ஒன்பதாம் எண்காரர் எழுதியிருந்தார்: கரை நண்டு சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அது எப்படி ருசிக்கும் என்று மகள் கேட்கிறாள், சொல்லத் தெரியவில்லை. இருபத்து மூன்றாம் எண்காரரின் அப்பாவுக்குக் காற்றுகளின் பெயர் அத்தனையும் தெரியும். புதிய தீவில் அந்தக் காற்றுகள் வீசாததால் மகனுக்குச் சொல்லித்தராமலே போய்விட்டார். பதினேழாம் எண், எழுபத்தொன்பது வயதுப் பெண். ஐந்து பெற்று இரண்டு தங்கியது. நின்றுபோன வழக்கம் என்ற இடத்தில் அவள் சொன்னதை லினோ எழுதியிருந்தார்: “மூன்றாவது பிரசவத்துத் துணியைப் புதைக்கப் படகு கிடைக்கவில்லை. ஏழு வருடம் வீட்டிலேயே வைத்திருந்தேன்.”

அந்தத் தாளை உமைரா அன்று மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பத்து நான்கு பேரின் ரத்தம் அங்கிருந்து கிளம்பியது. வாரத்துக்கு ஒரே விமானம். மூன்று இடம் மாறி ஐம்பத்தோரு மணி நேரத்தில், வியாழக்கிழமை விடியற்காலை, பம்பாய் வந்து இறங்கியது. பத்து மணிக்குள் செம்பூருக்கு வந்துவிட வேண்டும். உமைரா ஏழு மணிக்கே கூடத்துக்கு வந்து நாற்பத்து நான்கு வளர்ப்புக் குழாய்களை எடுத்து எண் ஒட்டி அடுக்கி வைத்தாள். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பெட்டி வரவில்லை.

விமான நிலையத்தில் சரக்கு எடுத்துத் தரும் ஏஜென்ட் பிரம்மநாயகம் போன் செய்தார். அம்பாசமுத்திரத்துக்காரர். முப்பது வருடமாக அந்த வேலையில் இருப்பவர்.

“பெட்டி நல்லாத்தாம்மா வந்து எறங்கியிருக்கு. ஒங்க அனுமதி லெட்டர்லதான் தேதி முடிஞ்சிட்டு. ஏப்ரல் முப்பதோட சரி. வெளிநாட்டு ரத்தம் பாத்துக்கிடுங்க, தேதியில்லாம அவங்க எப்படி விடுவாங்க?”

அந்தக் கடிதத்தைப் புதுப்பிக்க வேண்டியவன் ஷ்ரவண். மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. தேதி முடிந்தது அவனுக்குத் தெரியும். போன முறை வேறு ஒரு சரக்கில் யாரும் தேதியைப் பார்க்கவில்லை, இந்த முறையும் பார்க்கமாட்டார்கள் என்று இருந்துவிட்டான். டெல்லிக்கு மெயில் போட்டாச்சு, திங்கட்கிழமைக்குள் வந்துவிடும், டென்ஷன் எடுத்துக்காதீங்கோ என்று அவளிடம் சொன்னான்.

“ரத்தம் திங்கக்கிழமை வரைக்கும் இருக்காது சார்,” என்றாள் உமைரா.

அவன் டெல்லியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தான். அன்று மாலை வரைக்கும் போட்டான். அதையும் சொல்ல வேண்டும்.

உமைரா ஆட்டோ பிடித்து விமான நிலையத்தின் சரக்குப் பகுதியான சஹார் கார்கோவுக்குப் போனாள். பிரம்மநாயகம் வாசலுக்கு வந்து அவளை ஒரு கவுன்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். சட்டப்படி கொடுக்க முடியாது என்றார். பெட்டியைத் திறக்க வேண்டாம், ஏசி உள்ள அறையில் வைத்தால் போதும் என்று உமைரா கேட்டாள். குளிர் அறைக்குத் தனி விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பத்துக்குச் செல்லுபடியாகும் அனுமதிக் கடிதம் வேண்டும். இவள் ஹிந்தியில் கேட்டாள், இங்கிலீஷில் கேட்டாள், கடைசியில் அழுதுகொண்டே தமிழில் கேட்டுவிட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது.

வெள்ளிக்கிழமை போனாள். சனிக்கிழமை அம்மாரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் ஐரோலியிலிருந்து குளிர்ஜெல் பைகள் இரண்டு டஜன் கொண்டு வந்திருந்தான். பெட்டிக்கு வெளியே சுற்றி வைத்தால்கூடப் போதும், ஐந்தாறு டிகிரி இறங்கும் என்று பிரம்மநாயகத்துக்கு விளக்கினான். அவர் பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்துப் பைகளோடு திரும்பி வந்தார். தடுத்து வைத்த சரக்கைத் தொட விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டி தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெளியே முப்பத்தாறு டிகிரி. ஜெல் பைகள் அம்மாரின் கையிலேயே இளகின.

ஞாயிற்றுக்கிழமை எதுவும் நடக்கவில்லை. லினோ ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார், வந்து சேர்ந்ததா என்று. பேப்பர் வேலை நடக்கிறது என்று இவள் எழுதினாள்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெட்டி கிடைத்தது. உமைரா மடியில் வைத்துக்கொண்டே செம்பூர் வந்தாள். குழாய்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கருவி இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டைப் பதிந்து வைக்கும். கம்ப்யூட்டரில் செருகினாள். கோடு ஒன்று திரையில் வந்தது. ஐம்பத்தோரு மணி நேரம் இருபத்திரண்டு டிகிரியில் அசையாத கோடு. லினோ சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். பம்பாயில் இறங்கிய பிறகு கோடு ஏறியது. முப்பத்தொன்று, முப்பத்தைந்து, ஒவ்வொரு மதியமும் முப்பத்தொன்பது.

குழாய்களில் ரத்தம் கெட்டுக் கருஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. அப்படியும் நாற்பத்து நான்கையும் வளர்ப்பில் வைத்தாள். நாற்பத்தெட்டு மணி நேரம் வளர வேண்டும். புதன்கிழமை எடுத்து ஸ்லைடு போட்டாள். வியாழனும் வெள்ளியும் இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவில்லை. ஓர் ஆளுக்கு ஆயிரம் அணுக்களாவது எண்ணினால்தான் ஏதாவது சொல்ல முடியும். ஸ்லைடுக்கு மேல் ஸ்லைடு பார்த்தாள். உடைந்த தூசிதான் இருந்தது. பிளந்து நிற்கும் அணு ஒன்றுகூட இல்லை.

பதினேழாம் எண்ணில் மட்டும் ஆறு அணுக்கள் இருந்தன.

குரோமோசோம்கள் தனித்தனி நிறத்தில் தெரியும்படி சாயம் ஏற்றிப் பார்த்தாள். ஐந்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆறாவதில், சிவப்பாக இருக்க வேண்டிய பெரிய குரோமோசோமின் நுனி இல்லை. அந்தச் சிவப்பு நுனி இன்னொரு நீலக் குரோமோசோமில் போய் ஒட்டியிருந்தது. எப்போதோ உடைந்து மாறி ஒட்டியது. அது தூளால் வந்ததா, வயதால் வந்ததா என்று ஓர் அணுவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. அவள் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஷ்ரவண் அறிக்கையை எழுதி அவள் கையெழுத்துக்காகக் கொண்டுவந்தான். ஒரே பக்கம். சாம்பிள்கள் கூடத்துக்கு வந்தபோது பரிசோதனைக்குத் தகுதியற்ற நிலையில் இருந்தன என்று இருந்தது. விமான நிலையத்தைப் பற்றியோ அனுமதிக் கடிதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. சூட்டுக் கோட்டின் படமும் இல்லை.

இது சரியில்லையே சார் என்று உமைரா சொன்னாள்.

“நான் பொய் எழுதச் சொல்லலே. வந்தப்போ கெட்டிருந்தது, அவ்ளோதானே? எங்க கெட்டதுன்னு அவா கேக்கலியே,” என்றான் ஷ்ரவண். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். லெட்டர் விஷயம் வெளியே வந்தால் கூடத்தின் லைசென்ஸ் போகும், பன்னிரண்டு பேருக்கு வேலை போகும், யோசிச்சுக்கோங்கோ என்றான். அவன் கண்ணும் தூங்காத கண்ணாகத்தான் இருந்தது.

உமைரா கையெழுத்துப் போட்டாள். வற்புறுத்தினான் என்று அவள் பிறகு ஒருபோதும் சொன்னதில்லை. பேனா என் கையில்தான் இருந்தது என்பாள்.

ஒரு வாரத்தில் பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது. தீவில் ரத்தம் எடுத்த விதம் திருப்திகரமாக இல்லாததால் இரண்டாம் முறை எடுப்பதற்கு வாய்ப்பில்லை. அந்தப் பகுதி ஆய்வு இத்துடன் முடிகிறது. மீதி சாம்பிள்களை விதிப்படி அழித்துவிடலாம். அதே கடிதம் லினோவுக்கும் போயிருந்தது. அன்று மதியம் அவருடைய செய்தி வந்தது.

“எட்டு முறை திருப்பச் சொன்னீர்கள், எட்டு முறைதான் திருப்பினேன். பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டுதான் படகில் போனேன். எங்கே தவறு செய்தேன் என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள்.”

உமைரா அதை ரயிலில் படித்தாள். செம்பூரில் ஏறியவள் ஜி.டி.பி. நகரில் இறங்கவில்லை. ரயில் கடைசி ஸ்டேஷன் போய்த் திரும்பி வந்தபோதுதான் இறங்கினாள். வீட்டில் அம்மாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கையெழுத்தையும் சேர்த்து. அவனுக்கு அதுவரை கையெழுத்து விஷயம் தெரியாது.

“நான் என்ன செய்யட்டும் மச்சான்?”

அம்மார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “கையெழுத்துப் போட்டது நீதானளா. மாத்திச் சொல்லவும் நீதான் போகணும். நான் போயிச் சொன்னா எடுபடாது.”

அவள் சூட்டுக் கோட்டின் படத்தை லினோவுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, இங்கே இறங்கிய பிறகுதான் கெட்டது, எங்கள் கடிதத்தில் தேதி முடிந்திருந்தது, அதை மறைத்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் முழுக்க பதில் வரவில்லை. மறுநாள் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. இதற்கு முன்னால் வந்த டாக்டர்களும் எங்களால்தான் கெட்டது என்றுதான் எழுதினார்கள், நீங்கள் மட்டும் அதைத் திரும்பி வந்து சொல்கிறீர்கள் என்றார். பிறகு, ரத்தத்தை எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. அதுதான் அவளை ரொம்பவும் உலுக்கியது.

குழாய்கள் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருந்தன. ஷ்ரவணிடம் பதினான்காவது பிரிவைக் காட்டினாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கெட்டுப்போன ரத்தத்தை நாட்டை விட்டு வெளியே அனுப்ப எந்த விதியும் இடம் தராது, அது கழிவு, கழிவு என்றால் மஞ்சள் பையில் கட்டி எரியூட்டும் ஆலைக்குத்தான் போக வேண்டும். எரிக்க வேண்டாம் என்றாள் உமைரா. இங்கேயே எங்காவது மண்ணில் புதைக்க அனுமதி வாங்கலாமா என்று கேட்டாள். சட்டப்படி குற்றம் என்றான். நாற்பத்து நான்கு குழாய்கள், ஒரு கைப்பையில் அடங்கும். சயான் கப்ருஸ்தானில், மையத்து அடக்குகிற இடத்தில், ஒரு மூலை போதும். அவள் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த ரத்தத்தில் என்ன தொற்று இருக்கிறது என்று பரிசோதித்தது கிடையாது. குழி தோண்டுகிறவரின் கையில் பட்டால்? பதினாறு வருடம் கையுறை போட்டு வேலை பார்த்தவளுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை.

எழுத்தில் கேட்டுப் பார்க்கிறேன், சனிக்கிழமை வரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்று ஷ்ரவண் சொன்னான். உண்மையாகவே கடிதமும் அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு உமைரா வந்தபோது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கழிவு வண்டி வரும். துப்புரவுப் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ‘அழிக்க வேண்டியவை’ என்று பல்கலைக்கழகத்தின் கடிதத்தைப் பார்த்து யாரோ ஒட்டிய சீட்டு அந்தத் தட்டில் இருந்தது. அந்தப் பெண் தன் வேலையைச் செய்திருந்தாள்.

உமைரா ஆட்டோவில் ஆலைக்குப் போனாள். வண்டி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்டில் நின்ற காவலாளி வயதானவர், மராட்டிக்காரர். எந்தக் கூடத்துப் பை என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய் விசாரித்து வந்தார். காலையில் வந்ததெல்லாம் உலைக்குள் போய்விட்டது, இனி எதையும் எடுக்க முடியாது தாயி என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் புகைக்குழாய் தெரிந்தது. புகை அதிகமில்லை.

கேட்டுக்கு எதிரே ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து லினோவுக்குப் போன் செய்தாள். அங்கே சாயங்காலம். எரிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னாள். அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் எங்கேயோ நடந்து போனது தெரிந்தது. திரும்ப வந்து, எண்களைப் படியுங்கள் என்றார்.

“எந்த எண்களை?”

“ஒன்றிலிருந்து. நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள். நான் ஆளைச் சொல்கிறேன். யாராவது சொல்ல வேண்டும்.”

அவள் ஒன்று என்றாள். அவர் ஒரு பெயரைச் சொன்னார். இரண்டு என்றாள். மெதுவாக, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் மூச்சுவிட இடம் கொடுத்து, லாரிகள் போகிற அந்தச் சாலையில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொண்டு போனாள். பதினேழு என்றபோது அவர் சொன்ன பெயர் அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. திரும்பக் கேட்கத் துணியவில்லை. நாற்பத்து நான்கு முடிந்ததும் அவர் நன்றி என்று சொல்லிப் போனை வைத்தார். காவலாளி அவ்வளவு நேரமும் கேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை.

அன்றைக்கே உமைரா பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். சூட்டுக் கோடு, கடிதத்தின் தேதி, தன் கையெழுத்து, எல்லாவற்றையும் எழுதினாள். எழுதியதன் நகலை ஷ்ரவணுக்கும் அனுப்பினாள். அவன் அவளோடு சண்டை போடவில்லை. அடுத்த மாதம் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிந்தது, அதைப் புதுப்பிக்கவில்லை. கூடத்தின் லைசென்ஸும் போகவில்லை. பல்கலைக்கழகம் இரண்டு வரியில் நன்றி சொன்னது, லினோவின் மேல் இருந்த குறிப்பை நீக்கிவிட்டதாகச் சொன்னது. மறுபடி ரத்தம் எடுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வு முடிவுகள் வெளிவந்தபோது உடல்நலப் பகுதியில், உயிரியல் சான்று கிடைக்கவில்லை என்று ஒரே வரி இருந்தது. ஆக, கணக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இனியும் சொல்லலாம்.

உமைரா இப்போது தாராவியில் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஒரு சிறிய லேபில் இருக்கிறாள். சர்க்கரை, மலேரியா, டெங்கு. மைக்ரோஸ்கோப் இருக்கிறது, குரோமோசோம் பார்ப்பதற்கானது இல்லை.

போன ஆண்டு செப்டம்பரில் லினோ மறுபடி கூப்பிட்டார். நவம்பரில் ஒரு மருத்துவக் கப்பல் வரப்போகிறது, கழுத்தை ஸ்கேன் செய்து தைராய்டு கட்டி இருக்கிறதா என்று சொல்வார்கள், ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனால் ஜனங்கள் போகமாட்டேன் என்கிறார்கள். ரத்தம் எரிந்த பிறகு எந்த டாக்டரையும் கிட்டே விடுவதில்லை. நீங்கள் பேச முடியுமா என்று கேட்டார்.

நான் பேசினால் யார் கேட்பார்கள் என்றாள் உமைரா.

“பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். நீங்களே சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்,” என்றார் லினோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லாரும் கூடியிருக்கும்போது போனை ஒலிபெருக்கியில் வைத்தார்கள். உமைரா லேபின் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள், லினோ அவர்கள் மொழியில் சொன்னார். மன்னிப்புக் கேட்டாள். கப்பலுக்குப் போங்கள், அது வேறு, கட்டி சிறியதாக இருக்கும்போது பார்த்தால் பிழைக்கலாம் என்றாள். ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. முதிர்ந்த குரல்.

“எரியும்போது நீ பக்கத்தில் இருந்தாயா என்று கேட்கிறாள்,” என்றார் லினோ.

“வெளியே இருந்தேன். கேட்டுக்கு வெளியே.”

அந்தக் குரல் நீளமாக ஏதோ சொன்னது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அதை லினோ மொழிபெயர்க்கவில்லை. இவளும் கேட்கவில்லை.

நவம்பரில் கப்பல் வந்து நான்கு நாள் நின்றது. வயதுக்கு வந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற ஊரில் பதினோரு பேர் ஏறினார்கள். இரண்டு பேருக்குக் கட்டி இருந்தது. ஒன்று கழுத்தெலும்புவரை இறங்கிவிட்டது, இனி அறுக்க முடியாது என்றார்கள். இன்னொரு பெண்ணுக்கு வயது முப்பத்தாறு, அறுவைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பேசியதால்தான் அந்தப் பதினோரு பேராவது போனார்கள் என்று அம்மார் சொல்கிறான். உமைரா கரையில் நின்றுவிட்ட மற்றவர்களைப் பற்றி லினோவிடம் இரண்டு முறை கேட்டாள். முதல் முறை, தெரியவில்லை என்று எழுதினார். இரண்டாவது முறை பதில் வரவில்லை.